அம்மா ருசி பார்க்காத கேக்குகள்

மரண அறிவித்தலில் எங்கள் அம்மாவை நீர்வேலியில் பிறந்து டென்மார்க்கின் பிராண்டேயில் வாழ்ந்தவர் என்று இரண்டு வரிக்குள் அடக்கிவிட்டோம். அறிவித்தலுக்கு அது போதும். ஆனால் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் யாராவது அம்மாவை ஊர்ப்பெயரை வைத்தா நினைக்கிறீர்கள்? கேக்கை வைத்துத்தான். உங்கள் பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் படத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளை அழுதுகொண்டிருக்கும், முன்னால் அம்மாவின் கேக் இருக்கும்.

இறுதிக்கிரியை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஒடென்சேயிலிருந்து வந்த ஓர் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அக்கான்ர கையில ஒரேயொருக்காத்தான் பிசகினது. அந்த உப்புக் கேக்." அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தனியே நின்றேன். இருபத்து மூன்று வருடமாக நம்மவர்கள் பாசத்தோடு சொல்லிச் சிரிக்கும் கதை அது. அதில் ஒரு பிழை இருக்கிறது. அம்மாவின் பெயரில் நிற்கும் அந்தப் பிழையை எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையை நான் எழுதுகிறேன் என்று தம்பியிடம் கேட்டு வாங்கினேன். தம்பி எழுதியிருந்தால் இன்னும் நல்ல தமிழில் வந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் தையல் வகுப்புக்கு அனுப்பினார்கள். அதே கட்டடத்தில் கேக் ஐசிங் வகுப்பும் நடந்திருக்கிறது. அம்மா அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதம் கழித்துத் தைத்த சட்டை எங்கே என்று வீட்டில் கேட்டபோது, பட்டரில் செய்த ரோசாப்பூ ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாராம். உண்மையில் அந்த நாட்களில் அவருக்குக் கேக் செய்வதைவிடச் சாப்பிடுவதில்தான் விருப்பம். "ஒரு இறாத்தல் கேக்கைத் தனிய இருந்து முடிப்பன்" என்று பெருமையாகச் சொல்லுவார்.

திருமணமாகி நான் பிறந்து ஆறு மாதத்தில் அப்பா வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். புறப்பட்டவரிடமிருந்து நாலு மாதம் ஒரு சேதியும் இல்லை. எங்கே நிற்கிறார், இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாத நாலு மாதம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போய், அவர் சுகமாகப் போய்ச் சேர்ந்தால் மீன், இறைச்சி, முட்டை மூன்றையும் வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன் என்று நேர்த்தி வைத்தார். பத்து நாளில் டென்மார்க் முத்திரை ஒட்டிய கடிதம் வந்தது. அன்றோடு சரி.

"மீனும் இறைச்சியும் எனக்குப் பெரிய காரியமில்லை பிள்ளை. முட்டையை விட்டால் கேக்கை விடவேணும். நான் எதை விட்டனான் எண்டு அம்மனுக்குத் தெரியும்" என்பார்.

எனக்கு நாலு வயதாக இருக்கும்போது நாங்கள் பிராண்டேக்கு வந்து சேர்ந்தோம். அப்பா காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். பகல் வேலை, இரவு வேலை என்று கிழமைக்குக் கிழமை மாறும். அம்மாவுக்கு மொழி தெரியாது, கார் ஓடத் தெரியாது, பக்கத்தில் பேச ஆளில்லை. அந்த முதல் குளிர்காலத்தில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும்போது, அம்மா யன்னல் சீலையை இழுத்துவிட்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வாடகை வீட்டில் கேக் சுடும் ஓர் அவண் இருந்தது. அதைக் கண்ட பிறகுதான் அம்மா டென்மார்க்கை நம்பத் தொடங்கினார் என்று அப்பா பகிடி விடுவார்.

என் ஐந்தாவது பிறந்தநாளுக்கு அந்த அவணில் முதல் கேக் வெந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைக் கழுவி நடுவில் குத்தி, மா ஒட்டவில்லை என்று கண்டதும் வெளியில் எடுத்தார். அதன் பிறகுதான் அவருக்கு நிலைமை விளங்கியது. கேக் சரியா பிழையா என்று அவர் எப்படி அறிவது? அப்பாவும் வேலையில். அம்மா ஓர் ஓரத்தைப் பிய்த்து என் வாயில் வைத்துவிட்டு, நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

"அப்பிடிப் பொதுவாச் சொல்லாத. சீனி காணுமோ? வனிலா கூடிப்போச்சோ? விழுங்கேக்க தொண்டை காயுதோ?"

ஐந்து வயதில் எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். அன்று தொடங்கி வீட்டை விட்டுப் போகும்வரை அம்மாவின் நாக்கு நான்தான். பட்டரும் சீனியும் அடிக்கும்வரை அவரே விரல் நுனியில் தொட்டுப் பார்ப்பார். முதல் முட்டை விழுந்த பிறகு விரலில் பட்டதைக்கூட நக்கமாட்டார், உடனே கழுவிவிடுவார். கேக் ஆறியதும் மேலே பொம்மிப் புடைத்து நிற்கும் பகுதியை மட்டமாக வெட்டி எடுத்து, ஒரு சின்னத் தட்டில் வைத்து என் முன்னால் கொண்டுவருவார். அந்தத் துண்டுக்கு நான் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஐசிங் தொடங்கும். அப்பா பழைய சைக்கிள் பெடலின் அச்சை வைத்துச் செய்துகொடுத்த சுழலும் பலகையில் கேக்கை வைத்துவிட்டார் என்றால், வீட்டில் யாரும் கதவை அடித்துச் சாத்தக்கூடாது.

முட்டையில்லாத கேக் செய்து சாப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். "அது கேக் இல்லை, இனிப்பு ரொட்டி" என்று முதலில் சொல்லுவார். விடாமல் கேட்டால் உண்மை வரும்: "கேக்கை விடுறன் எண்டு நேந்துபோட்டு வேற வழியால கேக் தின்னுறதோ? அம்மனோட சுத்துமாத்துச் செய்யலாமோ?"

அம்மாவின் கேக் பிராண்டேயில் எப்படிப் பரவியது என்பதையும் சொல்லவேண்டும். டேனிஷ்காரர் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மனித உருவத்தில் ஒரு கேக் செய்வார்கள். நான் முதலாம் வகுப்பில் படிக்கும்போது ஆசிரியை அதைக் கொண்டுவரச் சொன்னார். அம்மா இரண்டு நாள் மினக்கெட்டு ஒரு கேக் மனிதனைச் செய்தார். பொத்தான் வைத்த சட்டை, சுருள் தலைமயிர், நெற்றியில் ஐசிங்கால் மூன்று விபூதிக் குறி. அழகான மனிதன். வகுப்பில் என் கையில் கத்தியைத் தந்து கழுத்தை வெட்டச் சொன்னார்கள். நான் வெட்டத் தொடங்கியதும், இந்த நாட்டு வழக்கப்படி, இருபது பிள்ளைகளும் ஒரேயடியாக வீரிட்டுக் கத்தினார்கள். கேக்கைக் கொண்டுவந்துவிட்டு ஓரமாக நின்ற அம்மா பாய்ந்து வந்து கத்தியைப் பறித்துவிட்டார்.

"பிறந்தநாளும் அதுவுமாக் கழுத்தை வெட்டுறதோ! விபூதி பூசின ஆளை!"

ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கியது, மேசைக்குக் கீழே போய் ஒளித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அடுத்த வருடத்திலிருந்து எனக்குக் கேக்கில் கப்பலும் ரயிலும்தான். பிறகு அம்மா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை செய்த டேனிஷ்ப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கேக் மனிதன் கேட்டபோது, மறுக்காமல் செய்துகொடுத்தார். ஆனால் கழுத்து வைக்கமாட்டார். தலை நேரே தோளில் குந்தியிருக்கும். எங்கே வெட்டுவதென்று தெரியாமல் பிள்ளைகள் முழிப்பார்களாம்.

இருபத்திரண்டு வருடம் அந்த இல்லத்தில் இருந்தார். அங்கே பிறந்தநாள் வந்த எந்த முதியவருக்கும் கேக் இல்லாமல் போனதில்லை. பல்லில்லாதவர்களுக்கென்று பாலில் ஊறவைத்த சின்னக் கப் கேக் தனியாகச் செய்வார். தம்பி ஓல்போர்க்கில் படிக்கப் போன பிறகு, அவனுடைய விடுதிக்கு மாதத்துக்கு ஒரு பெட்டி கப் கேக் போகும். அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் இருப்பார். மடியில் கேக் இருந்தால் அப்பா எண்பதுக்கு மேல் ஓடமாட்டார். பார ஊர்திகள் எல்லாம் ஹோர்ன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போகும்.

இனி ஒடென்சேக் கேக்குக்கு வருகிறேன்.

எனக்குப் பதினாறு வயது. அப்பாவின் சிநேகிதரான ஒடென்சே மாமாவின் மகளுக்குச் சனிக்கிழமை திருமணம். நாலு தட்டு அடுக்கிய கேக் அம்மாவின் பொறுப்பு. வெள்ளி மாலையில் எங்கள் வகுப்பு விருந்து. விடியப் புறப்படவேண்டும், விருந்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன். பிறகு கத்தினேன். பிறகு டேனிஷில் கத்தினேன். அம்மா ஐசிங் அடிக்கும் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டார்.

எங்கள் வீடுகளில் வெறுமையான ஐஸ்கிரீம் பெட்டியை எறிவது கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். சீனி ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் இருந்தது. ஊறுகாய்க்கென்று வாங்கிய தூள் உப்பு, அதே நிறத்து இன்னொரு ஐஸ்கிரீம் பெட்டியில் இருந்தது. கடைசித் தட்டுக்கு, அதுதான் அடியில் வைக்கும் பெரிய தட்டு, முட்டை எல்லாம் உடைத்து ஊற்றிய பிறகு சீனி ஒரு கோப்பை குறையப் போட்டது நினைவுக்கு வந்து அம்மா கைக்கு எட்டிய பெட்டியிலிருந்து ஒரு கோப்பை அள்ளிப் போட்டிருக்கிறார். முட்டை விழுந்துவிட்டதால் அவர் தொட்டுப் பார்க்கவில்லை. அதற்குத்தான் நான் இருந்தேனே.

நாலு சின்னத் தட்டுகளில் நாலு துண்டுகளை என் அறைக்குக் கொண்டுவந்து வைத்தார். "ஒண்டொண்டாப் பார்த்துச் சொல்லு பிள்ளை" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு முதலாவது துண்டைக் கடித்தேன். நன்றாக இருந்தது. மற்ற மூன்றையும் வாயில் வைக்காமலே குப்பைக் கூடைக்குள் போட்டு, மேலே ஒரு கடதாசியைக் கசக்கிப் போட்டேன். வெறுந் தட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து "ஃபீன்ட்" என்று டேனிஷில் ஒரு சொல் சொன்னேன். நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். தமிழில் சொல்லக்கூட மனமில்லாத கோபம்.

அடுத்த நாள் மண்டபத்தில் மணமக்கள் மேல் தட்டை வெட்டி, படம் எடுத்து, எல்லாம் அழகாக நடந்தது. பிறகு அடித்தட்டு துண்டு துண்டாகி மேசைகளுக்குப் போனது. முதலில் ஒரு குழந்தை துப்பியது. பிறகு பின் மேசையிலிருந்து ஒருவர் உரக்கக் கேட்டார்: "இது கேக்கோ, கருவாடோ?"

அம்மா கத்தரிப்பூ நிறச் சேலையோடு நடுவில் நின்றார். ஒரு துண்டைக் கையில் எடுத்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விள்ளல் வாயில் வைத்தால் என்ன நடந்ததென்று தெரிந்துவிடும். அவரால் அதை வைக்க முடியாது. துண்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"நீ பார்த்தனியெல்லோ?"

"ஓமம்மா" என்றேன்.

 அம்மா மணமகளின் தாயிடம் போய், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பெட்டி மாறி உப்பைப் போட்டிட்டன். என்ர பிழைதான்" என்றார். அதையே மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். நான் கதிரையில் இருந்தேன். எழும்பவில்லை.

 திரும்பி வரும்போது, கார் கடற்பாலம் தாண்டி எங்கள் பக்கமான யூலாந்துக்குள் வந்த பிறகு, அம்மாவே முன்னால் பார்த்தபடி சொன்னார்: "உப்பு ஒரு பக்கமாச் சேர்ந்து நிண்டிருக்கும். நீ ருசி பார்த்த பக்கம் நல்லா இருந்திருக்கும்."

அப்பாடா என்று அதைப் பிடித்துக்கொண்டேன். அம்மா நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் நம்பிய பிறகு எதற்கு வாயைத் திறக்கவேண்டும்?

அடுத்த சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வண்ணத்துப்பூச்சி வைத்த கப் கேக். இனி என்னிடம் தரமாட்டார் என்று இருந்தேன். வழக்கம்போல் சின்னத் தட்டு என் முன்னால் வந்தது. "சொல்லு" என்றார். அன்று நான் சாப்பிட்டதுபோல் ஒரு கேக்கை எவரும் கவனமாகச் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். அதன் பிறகு ஒரு துண்டும் குப்பைக்குப் போகவில்லை. ஆனால் ஒடென்சேயிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலாக ஒருவரும் அம்மாவிடம் கேக் கேட்கவில்லை.  அம்மா ஐஸ்கிரீம் பெட்டிகளை எல்லாம் எறிந்துவிட்டுக் கண்ணாடிப் போத்தல்கள் வாங்கினார்.

பிறகு பழையபடி கேட்டார்கள், நூற்றுக்கணக்கில் செய்தார். உப்புக் கேக் கதை மட்டும் அழியாமல் நிலைத்துவிட்டது. நான் திருமணமாகி ஒடென்சேயிலேயே குடியேறினேன். கொண்டாட்டங்களில் புதிதாக யாரும் என்னைக் கண்டால், "ஓ, உப்புக் கேக் அக்கான்ர மகளோ?" என்பார்கள். நான் சிரிப்பேன். முதலில் வெட்கத்தில் சொல்லாமல் இருந்தேன். பிறகு இத்தனை வருடம் சொல்லவில்லையே என்ற வெட்கத்தில் சொல்லாமல் இருந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் அம்மாவுக்கு வயிற்றில் நோய் என்று கண்டுபிடித்தார்கள். குளிர்காலம் முடிவதற்குள், இனி வைத்தியத்தால் பயனில்லை என்று டொக்டர் எங்களை இருத்திச் சொன்னார். அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். பிராண்டே வீட்டு வரவேற்பறையில் கட்டில் போட்டோம். குசினிக் கதவு தெரியும்படி போடச் சொன்னார்.

அவருடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது. எத்தனையோ பேருக்குப் பிறந்தநாள் கேக் செய்தவருக்கு, சாப்பிடமாட்டார் என்பதால், நாங்கள் ஒருநாளும் கேக் வைத்ததில்லை. அன்று நான் அவருடைய அவணில், தயிர் விட்டு, முட்டையில்லாமல், என் வாழ்க்கையின் முதலாவது கேக்கைச் செய்தேன். ருசி பார்க்கத் தெரிந்த எனக்குச் செய்யத் தெரியாது. நடுவில் தாழ்ந்தது, ஓரம் காய்ந்தது. பள்ளத்தை ஐசிங்கால் நிரப்பி மேலே ஒரு ரோசாப்பூ வைத்தேன்.

அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். "உது என்ன பூ? கறிக்கு வெட்டுற கோவாவோ?"

"ரோசா, அம்மா."

"ஓ."

"முட்டை போடேல்லை. ஒரு துண்டு சாப்பிடுறீங்களோ?"

மாட்டேன் என்பார் என்று எனக்குத் தெரியும். அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்த அப்பாவை ஒருமுறை பார்த்தார். "இவர் வந்து சேர்ந்து நாப்பது வருசமாகப் போகுது. இனி எங்கயும் துலையமாட்டார்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கொண்டா. அம்மனோட நான் கதைச்சுக்கொள்ளுறன்" என்றார்.

அப்பா எழும்பி நின்றுவிட்டார். நான் நகத்தளவு விள்ளலை ஊட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இன்னொன்று கேட்டார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் என் வாயைப் பார்த்ததுபோல் நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பிடியம்மா?"

"இந்தப் பக்கம் நல்லாயிருக்கு." கண்ணைத் திறந்தார். "மற்றப் பக்கத்தில உப்பு நிக்குதோ தெரியேல்லை."

என் கையிலிருந்த தட்டை அப்பா வாங்கிக்கொண்டார். அம்மா சிரிக்கிறார். சிரிக்கத் தெம்பில்லாமல் தோள் மட்டும் குலுங்குகிறது.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"அரை மணித்தியாலம் அடிச்ச மா. உப்பு ஒரு பக்கமாப் போய்க் குந்தியிருக்குமோ பிள்ளை?"

"அப்ப ஏன் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னால் அடுத்த சனிக்கிழமை ஆர் ருசி பார்க்கிறது? நீ பயத்தில எல்லாத்தையும் நல்லாயிருக்கு நல்லாயிருக்கு எண்டு சொல்லுவாய். பிறகு எனக்கு என்னெண்டு தெரியும்?"

நான் அவருடைய போர்வையில் முகத்தை வைத்து அழுதேன். அப்பாவுக்கு என்ன நடக்கிறதென்று விளங்க நேரமெடுத்தது. அழுது முடித்து, "எல்லாருக்கும் உண்மையைச் சொல்லட்டோ அம்மா?" என்று கேட்டேன்.

"நான் இருக்கேக்க வேண்டாம். ஒடென்சே மாமி சங்கடப்படுவா. பிறகு சொல்லு" என்றார். பிறகு என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. அவர் மூன்றாவது துண்டைக் கேட்டார்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை இருந்தார். அப்பா கையைப் பிடித்திருக்க, ஒரு காலைப் பொழுதில், நோவில்லாமல் போனார்.

அந்தக் கடைசி மாதங்களில் நாள் தவறாமல் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்த தாதியருக்கும், எங்களை இருத்திப் பொறுமையாக எல்லாம் சொன்ன டொக்டருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் முறை வைத்துச் சோறு கொண்டுவந்த பிராண்டேத் தமிழ்க் குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் பாத்திரங்கள் கழுவி அடுக்கியபடி இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலியில் வந்து அம்மாவுக்குப் பூ வைத்த அந்த மூன்று டேனிஷ் முதியவர்களையும் மறக்கமாட்டோம். தூரப் பயணம் செய்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் தொலைபேசியில் எங்களோடு சேர்ந்து அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒடென்சே மாமாவுக்கும் மாமிக்கும், அன்றைய மணமகளான அக்காவுக்கும், அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் நான் நன்றியல்ல, மன்னிப்புச் சொல்லவேண்டும். பெட்டி மாறியது அம்மாவின் கையில்தான். ஆனால் அம்மா அந்தத் துண்டை என்னிடம் தந்து கேட்டார். நான் ருசி பார்க்காமல் நல்லாயிருக்கிறது என்று பொய் சொன்னேன். மேசை மேசையாகப் போய் அவர் கேட்ட மன்னிப்பு நான் கேட்டிருக்கவேண்டியது. இனி அந்தக் கதையைச் சொல்லும்போது என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

முப்பத்தோராம் நாள் படையலில், அம்மா கடைசியாகச் சாப்பிட்ட அந்த முட்டையில்லாக் கேக்கையும் வைக்கிறோம். நான்தான் செய்யப்போகிறேன். பூ கோவா மாதிரித்தான் வரும், சிரிக்காதீர்கள். நாலு தட்டு. நாலையும் ருசி பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருவேன்.